பேட்ச் நகரில் நான் விற்ற வீடு

“இப்பவே வித்துடலாமா, இல்ல கொஞ்ச நாள் பொறுக்கலாமா?”

இந்தக் கேள்வியைக் கேக்காம ஒரு வீட்டுக்காரரும் உங்க புரோக்கர் ஆபீஸ் படி ஏற மாட்டாங்க. போன வாரம் உங்கள்ல ஒருத்தர் இதுக்குப் பதில் சொல்லிகினு இருந்தப்ப நான் பக்கத்துல உக்காந்து டீ குடிச்சிகினு இருந்தேன். பேர் சொல்லல, முகத்தைத் தொங்கப்போட வேணாம். போன்ல ஒரு கோடு ஏறுது, இறங்குது, அதைக் காட்டி “சார், இன்னும் ரெண்டு வருஷம் வெயிட் பண்ணுங்க”ன்னு தம்பி சொல்றார். அந்த சாரும் தலையாட்டிட்டுப் போயிட்டார். எனக்கு முதல்ல சிரிப்பு வந்துது, அப்புறம் எரிச்சல் வந்துது. பதில் தப்புன்னு சொல்ல மாட்டேன். ஆனா அந்த மனுஷன் யாரு, எதுக்கு விக்கணும்னு நினைக்கிறார், அந்த வீட்ல யார் யார் இருக்காங்க, ஒண்ணும் கேக்காமலே எப்படிப்பா பதில் சொன்னே?

நீங்க ரீல்ஸ் போடுறீங்க, மேல பறக்குற கேமராவுல வீட்டைப் படம் புடிக்கிறீங்க. நல்லா இருக்கு, நான் குறை சொல்லல. நான் தொழிலுக்கு வந்தப்ப எங்கிட்ட இருந்தது ஒரு லேடீஸ் சைக்கிளும் ஒரு வாயும்தான். நெய்வேலியில வீட்டு புரோக்கர்னா ஆம்பளைங்கதான்னு இருந்த நாள்ல, முத்தாண்டிக்குப்பத்துல இருந்து மிதிச்சிகினு வந்து இந்தத் தொழிலைப் புடிச்சவ நான். விஜயாக்கா சொன்னா பத்திரத்துல வில்லங்கம் இருக்காதுன்னு ஜனங்க கண்ண மூடிகினு கையெழுத்துப் போட்டாங்க. பெருமை பேசுறேன்னு நெனச்சா நெனச்சிக்கோங்க. ரிட்டயர் ஆனவ வேற என்னத்தைப் பேசுறது?

இப்ப ஒரு வீட்டைப் பத்திச் சொல்றேன். நான் வித்ததுலயே பெரிய வீடு கிடையாது, கமிஷனும் பெருசா வரல. ஆனா என் தொழில்ல நான் எதைச் சரியா செஞ்சேன்னு யாராவது கேட்டா, முதல்ல அந்த வீட்டைத்தான் காட்டுவேன்.

உங்கள்ல பாதிப் பேரு வெளியூர்ல இருந்து வந்தவங்க, அதனால ஒரு விஷயம் முதல்ல புரிஞ்சிக்கணும். மத்த ஊர்ல மனுஷன் வீடு கட்டினா பால் காய்ச்சிக் குடி போவான். இங்க கட்டினா வாடகைக்கு விட்டுட்டு கம்பெனி குடுத்த குவார்ட்டர்ஸ்லயே இருப்பான். தண்ணி வரலைன்னா ஒரு புகார், குழாய் ஒழுகினா ஒரு புகார், ஆள் வந்து பாத்துட்டுப் போவாங்க. அப்படியே பிள்ளைங்க படிச்சு, கல்யாணமும் ஆயிடும். குவார்ட்டர்ஸை காலி பண்ணச் சொல்றப்பதான் அட, நமக்கு வெளிய ஒரு வீடு இருக்கேன்னு ஞாபகம் வரும். அன்னைக்குத்தான் அவங்க நம்மள தேடுவாங்க.

இன்னொண்ணு, இந்த பேட்ச். ஒரே சமயத்துல நிலக்கரி மைன்ஸ் வேலைக்குச் சேர்ந்தவங்க எல்லாம் ஒரு பேட்ச். சேர்ந்து மனை வாங்குவாங்க, சேர்ந்து கட்டுவாங்க, ஒருத்தர் வீட்ல என்ன கிரைண்டரோ அதேதான் அடுத்த வீட்லயும். முத்தாண்டிக்குப்பம் போற ரோட்டுல இருந்து உள்ள திரும்பினா ஒரு நகர் வரும். போர்டுல ஒரு சாமி பேரு எழுதியிருக்கும், யாரும் அதைச் சொல்ல மாட்டாங்க. எல்லாருக்கும் அது பேட்ச் நகர்தான். அங்க இருந்த அத்தனை வீடும் ஒரே பேட்ச்காரங்களோடது.

சேர்ந்து வேலைக்குப் போனவங்க சேர்ந்துதானே ரிட்டயர் ஆவாங்க. அந்த வருஷம் தெரு முழுக்க ‘வீடு விற்பனைக்கு’ன்னு போர்டு தொங்குது. அதுல ஒருத்தர் சொந்த ஊர் போற அவசரத்துல வந்த விலைக்குத் தள்ளிட்டுப் போயிட்டார். அதுக்கப்புறம் வர்றவன் எல்லாம் “அந்த வீடு அவ்வளவுக்குத்தானே போச்சு, உங்களுது மட்டும் என்ன தங்கமா?”ன்னு கேக்குறான். தெருவே கொதிச்சுப் போச்சு.

அப்பதான் ராமலிங்கம் அண்ணன் கூட்டம் போட்டார். மைன்ஸ் கேட்ல மைக் புடிச்சு யூனியன் நடத்துன ஆளு அவரு. குரல் கொடுத்தா பஸ் நின்னுடும். “நாம கேக்குற விலை வர்ற வரைக்கும் இந்த நகர்ல ஒருத்தரும் விக்கக் கூடாது. ஒத்துமையா இருந்தா விலை தானா ஏறும்”னு சொன்னார். வாட்ஸப் குரூப்புல எல்லாரும் கட்டை விரலைத் தூக்கிட்டாங்க. மறுநாள் போய்ப் பாக்குறேன், ஒரு போர்டு இல்ல. சம்பளத்துக்கு ஸ்ட்ரைக் பண்ணின ஜனங்க வீட்டு விலைக்கும் ஸ்ட்ரைக் பண்ணிட்டாங்க. வேற எந்த ஊர்லயாவது இந்தக் கூத்து நடக்குமா, சொல்லுங்க.

நான் போய்ச் சொல்லிப் பாத்தேன். “அண்ணே, மைன்ஸ்ல நீங்க வேலைய நிறுத்தினா நிலக்கரிக்கு வேற எங்க போவாங்க? அதனால இறங்கி வந்தாங்க. வீடு வாங்க வர்றவன் அப்படியா? வண்டியைத் திருப்பிகினு அடுத்த நகருக்குப் போயிடுவான்”னேன். அவரு சிரிச்சார். “விஜயாம்மா, உங்களுக்கு கமிஷன் கவலை”ன்னார். இருக்காதா பின்ன? எனக்கு வர்ற வியாபாரத்துல பாதி அந்த நகர்ல இருந்துதான் வரும். ஆனா சொன்னது கமிஷனுக்காக இல்ல. சரி, பட்டுத் தெரிஞ்சிக்கட்டும்னு வந்துட்டேன்.

ஒரு மாசம் போயிருக்கும். மெயின் பஜார்ல காய் வாங்கிகினு நிக்கிறேன், பின்னால இருந்து யாரோ மெதுவா கூப்புடுறாங்க. திரும்பினா கலியமூர்த்தி அண்ணன். கம்மாபுரம் பக்கத்து ஆளு, மைன்ஸ்ல பம்ப் ஆபரேட்டரா இருந்து ரிட்டயர் ஆனவரு. அதே பேட்ச். பேட்ச் நகர்ல கடைசித் தெருவுல சின்ன வீடு, வாடகைக்கு இருந்தவங்க காலி பண்ணி பூட்டிக் கிடந்தது. மனுஷன் இந்தப் பக்கம் பாக்குறார், அந்தப் பக்கம் பாக்குறார்.

“விஜயா, என் வூட்ட வித்துக் குடு. ஒரு பயலுக்கும் தெரியக் கூடாது. பத்திரம் முடிஞ்சு நான் ஊரை விட்டுப் போன பொறவுதான் தெரியணும்.”

“ஏண்ணே, போன மாசம் குரூப்புல நீங்களும்தானே கட்டை விரல் தூக்கினீங்க?”

“தூக்கினேன். இப்ப விக்கணும். கேள்வி கேக்காதே.”

கேள்வி கேக்காதேன்னு ஒருத்தர் சொன்னா, அங்கதான் கேக்க வேண்டிய கேள்வி இருக்கு. ஆனா பஜார்ல வெச்சுக் கேக்கக் கூடாது. சரிண்ணேன்னு தலையாட்டிட்டு, மறுநாள் அவர் இல்லாத நேரமா பாத்து அவங்க குவார்ட்டர்ஸுக்குப் போனேன். காலி பண்ண இன்னும் கொஞ்ச நாள் டைம் கேட்டு வாங்கியிருந்தாங்க.

கேட்டைத் திறந்து விட்டது அவங்க பையன் மணி. பையன்னு சொல்றேன், முப்பது வயசு ஆளு. பொறந்ததுல இருந்தே அவனுக்குப் புத்தி வளர்ச்சி கம்மி. என் ஸ்கூட்டி நம்பரை சத்தமா படிச்சான். “நீங்க எந்த பிளாக்?”னு கேட்டான். டவுன்ஷிப்ல குடியிருக்கிற எல்லாருக்கும் ஒரு பிளாக் நம்பர் உண்டு. நான் டவுன்ஷிப்பே இல்லப்பான்னதும் அவனுக்கு ரொம்பப் பாவமா போச்சு. “பிளாக்கே இல்லையா?”ன்னு ரெண்டு தடவை கேட்டுட்டு கேட்டை மூடினான், திறந்தான், மறுபடி மூடினான்.

அவங்கம்மா தனம் என்னை உள்ள உக்கார வெச்சு எல்லாத்தையும் சொல்லிட்டா. பாண்டிச்சேரியில இந்த மாதிரி ஆளுங்களுக்குன்னே ஒரு தொழிற்கூடம் இருக்கு. காகிதப் பை ஒட்டுறது, டப்பாவுல சாமான் அடுக்குறது, அப்படி வேலை. மனு எழுதிக் குடுத்துட்டு வருஷக்கணக்கா காத்திருந்து இப்பத்தான் இடம் வந்திருக்கு. பழக்கிப் பாக்கணும்னு ஒரு மாசம் வரச் சொல்லியிருக்காங்க. இவங்களும் அங்க வாடகைக்கு வீடு எடுத்துப் போயிருக்காங்க. மணி வேலையைக் கெட்டியா புடிச்சிகினான். ஜூன்ல வந்து சேருங்க, வரலைன்னா இடம் அடுத்த ஆளுக்குன்னு சொல்லிட்டாங்க.

“அங்கயே வாடகைக்கு இருந்துகினு, இந்த வூட்டைப் பொறுத்து விக்கலாமே?”ன்னு கேட்டேன். இதைக் கேக்க வேண்டியது நம்ம கடமை.

“எங்கக்கா குடுக்குறாங்க? மொத வூட்டம்மா இவனப் பாத்ததும் சொந்தக்காரங்க வர்றாங்க, வூடு இல்லன்னுட்டா. ரெண்டாவது வூட்ல அந்த ஒரு மாசம் இருந்தோம். காலைல எழுந்து கேட்டைத் திறந்து திறந்து மூடுவான், அது அவன் பழக்கம். மாசம் முடியறதுக்குள்ள காலி பண்ணுங்கன்னுட்டாங்க. வூடு மாறினா இவன் சோறு தின்ன மாட்டான்க்கா. பத்து நாள் ஆவும் வாய் திறக்க. ஒரே வூடு, யாரும் போன்னு சொல்லாத வூடு வேணும். தொழிற்கூடத்துக்குப் பக்கத்துலயே சின்னதா ஒண்ணு பாத்துட்டோம். இத வித்தாதான் அத வாங்க முடியும்.”

“ரிட்டயர்மென்ட் பணம்?”

“அது மணி பேர்ல கிடக்குது. அதைத் தொட மாட்டோம். நாங்க ரெண்டு பேரும் போன பொறவு இவனுக்கு யாருக்கா?”

அழல, நேரா என் முகத்தைப் பாத்துக் கேட்டா.

அப்புறம்தான் அசல் சிக்கல் தெரிஞ்சது. இவ்வளவு நடந்தும் கலியமூர்த்தி அண்ணன் பேட்ச்காரங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லல. மணி சின்னவனா இருந்தப்ப அவனைத் தூக்கிகினு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா அலைஞ்ச நாள்ல எல்லாம் அவரோட ஷிப்டைப் பாத்தது அந்த ஆளுங்கதான். முக்கியமா ராமலிங்கம் அண்ணன், தன் ஷிப்ட் முடிச்சிட்டு இவருக்காக மறுபடி இறங்குவாராம். வாழ்நாள் பூரா மணியைக் காட்டியே சலுகை வாங்கிட்டோம், இனியும் அவனைக் காட்டிப் பிச்சை எடுக்க மாட்டேன்னு இவருக்கு வீம்பு. பிச்சை எடுக்கறதை விட கருங்காலின்னு பேர் வாங்கறது மேல்னு நெனச்சிட்டார். ஆம்பளைங்க மானம் இருக்கே, அது எந்தப் பக்கம் போய் முட்டிக்கும்னு யாராலயும் சொல்ல முடியாது.

நான் ஆள் தேடினேன். கடவுள் புண்ணியத்துல நல்ல ஆளா வந்தான், சாதிக்னு ஒரு பையன். பஜார்ல செருப்புக் கடை வெச்சிருக்கான். பொண்டாட்டி, குழந்தை, அவங்கம்மா, நாலு பேரும் கடைக்கு மேல ஒரு ரூம்ல நெருக்கியடிச்சிகினு இருந்தாங்க. மத்தியானம் தெரு அடங்கின நேரமா கூட்டிகினு போய்க் காட்டினேன். வீடு புடிச்சுப் போச்சு. விலை? பேட்ச்காரங்க கேக்குற விலை இல்ல. ஆனா அடிமாட்டு விலையும் இல்ல, நியாயமான விலை.

“அக்கா, இன்னொரு வீடும் பாத்து வெச்சிருக்கேன். அவங்க ஞாயித்துக்கிழமை பதில் கேக்குறாங்க. எனக்கு இதுதான் இஷ்டம். அதுக்குள்ள சொல்லிடுங்க”ன்னான் சாதிக்.

கலியமூர்த்தி அண்ணன் துள்ளினார். “நாளைக்கே அட்வான்ஸ் வாங்கிடலாம். சத்தமில்லாம பத்திரத்த முடி.”

இந்த இடத்துல நீங்க என்ன செஞ்சிருப்பீங்க? விக்கிறவர் தயார், வாங்குறவன் தயார், கமிஷன் கையில வந்து நிக்குது. நான் முடியாதுன்னுட்டேன்.

“இன்னா, முடியாதா? நீ புரோக்கர்தானே?”

கோபம் வந்தா எனக்கு ஆபீஸ் பேச்சு போயிடும், முத்தாண்டிக்குப்பம் வந்துடும். “ஆமாண்ணே, புரோக்கர்தான். நீ வித்துட்டு ராத்திரியோட ராத்திரியா பாண்டிச்சேரி பூடுவ. அந்த வூட்ல நாளைக்கு அந்தப் பையன் பொண்டாட்டி புள்ளையோட இருக்கணும். உங்க பேட்ச் ஆளுங்க உன் மேல இருக்கிற கோவத்தை யார் மேல காட்டுவாங்க? அவன் எதிர்ல வந்தா ஒருத்தன் பேசுவானா? திருட்டுத்தனமா விக்கிற வூட்டை நான் ஒருத்தன் தலைல கட்ட மாட்டேன். பேட்ச்காரங்ககிட்ட சொல்லிட்டு வில்லு.”

“வேற புரோக்கர பாத்துக்கறேன்.”

“பாத்துக்க.”

விறுவிறுன்னு போயிட்டார். ரெண்டு நாள் நான் காலண்டரையே பாத்துகினு இருந்தேன். ஜூன் நெருங்குது. என் பிடிவாதத்தால அந்தப் பையனோட இடம் போயிட்டா? உங்களுக்கு மட்டும் சொல்றேன், போன் எடுத்து, சரிண்ணே, சத்தமில்லாமலே முடிச்சிடலாம்னு சொல்ல ரெண்டு தடவை நம்பரை அமுக்கிட்டேன். அமுக்கி அமுக்கி நிறுத்தினேன்.

போன் வேற பக்கத்துல இருந்து வந்தது. ராமலிங்கம் அண்ணன். மத்தியானத்துல ஆள் கூட்டியாந்து வீடு காட்டினதை யாரோ ஜன்னல் வழியா பாத்திருக்காங்க.

“விஜயாம்மா, கலியமூர்த்தி வீட்டைக் காட்டினீங்களா?”

“காட்டினேண்ணே.”

“ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கோங்க. அந்த வீட்டை நீங்க வித்தா, இந்த நகர்ல இனிமே ஒரு சாவி உங்க கைக்கு வராது.”

மிரட்டுற குரல் கூட இல்ல, சாதாரணமா சொன்னார். பயந்துட்டேன், அதை ஒளிக்கறதுக்கு என்ன இருக்கு? ஆனா அந்த பயத்துலயே எனக்கு ஒரு தெளிவும் வந்தது. ரகசியம் ஒடைஞ்சு போச்சு. இனிமே கலியமூர்த்தி அண்ணன் நெனச்சாலும் ஒளிச்சு விக்க முடியாது. அவர் ஓடி ஒளியற வாசலை நான் மூட வேண்டியிருந்தது, தானாவே மூடிகிச்சு.

“அண்ணே, ஞாயித்துக்கிழமை காலைல உங்க பேட்ச்ல முக்கியமானவங்களைக் கூப்புடுங்க. நான் வர்றேன். அவரும் வருவார். அங்க வெச்சு வேணாம்னு சொல்லிட்டா நான் விட்டுடறேன்”னேன்.

உடனே தனத்துக்குப் போன் போட்டு, ராமலிங்கம் அண்ணனுக்கு விஷயம் தெரிஞ்சு போச்சுன்னு சொன்னேன். “உன் வூட்டுக்காரரை மட்டும் அனுப்பாதே. நீயும் வா”ன்னேன். அவ தயங்கினா, அது ஆம்பளைங்க கூட்டமாச்சேன்னு. “வூடு ஆம்பளைங்க மட்டும் இருக்கற இடமா?”ன்னு கேட்டேன். வர்றேன்னுட்டா.

ஞாயித்துக்கிழமை ராமலிங்கம் அண்ணன் வீட்டு போர்ட்டிகோவுல பிளாஸ்டிக் சேர் போட்டு ஏழெட்டுப் பேரு உக்காந்திருந்தாங்க. நான் ஒரு பெரிய பிரசங்கமே தயார் பண்ணிகினு போயிருந்தேன். எந்த நகர்ல என்ன விலை, வாங்குற ஆளுங்க எங்க போறாங்க, எல்லாம். கலியமூர்த்தி அண்ணன் தலை குனிஞ்சு ஒரு ஓரமா நிக்கிறார். உக்காருன்னு சொன்னாலும் உக்காரல.

ராமலிங்கம் அண்ணன்தான் ஆரம்பிச்சார். “ஏன் விக்கிற? சொல்லு.”

நான் பேசலாம்னு தொண்டையைச் செருமினேன். அப்ப தனம் முன்னால வந்தா. அவ முகத்தைப் பாத்ததும் நான் கப்சிப். புரோக்கருக்கு வாய் முக்கியம்னு எல்லாரும் சொல்லுவாங்க. அந்த வாயை எப்ப மூடணும்னு தெரியறதுதான் தொழில். அன்னைக்கு நான் மூடினேன். அதுக்காக இப்பவும் என் முதுகை நானே தட்டிக் குடுத்துக்குவேன்.

தனம் எல்லாத்தையும் சொன்னா. தொழிற்கூடம், ஜூன், வாடகை வீட்ல பட்டது, எல்லாம். ராமலிங்கம் அண்ணன் முகம் சிவந்து போச்சு. கலியமூர்த்தி பக்கம் திரும்பினார்.

“எங்கிட்ட சொல்லணும்னு தோணலையாடா உனக்கு? அவனை நான் தோள்ல தூக்கிகிட்டு சுத்தியிருக்கேன். எங்கிட்டயே மறைச்சிட்டு விக்கப் பாத்தியா?”

கலியமூர்த்தி அண்ணன் கண்ணு கலங்கிப் போச்சு.

முடிஞ்சதுன்னு நெனச்சேன். முடியல. இன்னொருத்தர் ஆரம்பிச்சார். “கஷ்டம்தான், யாரு இல்லேன்னா? என் மருமகனுக்குக் கடன். இவருக்குப் பொண்ணு கல்யாணம். ஒவ்வொருத்தருக்கும் ஒரு காரணம் இருக்கு. இன்னைக்கு இவனை விட்டா நாளைக்கு எல்லாரும் வரிசையில நிப்பாங்க. அப்புறம் எதுக்கு இந்த ஒத்துமை?”

நாலு பேரு ஆமாமான்னாங்க. ராமலிங்கம் அண்ணனும் தலையைப் புடிச்சிகினு உக்காந்துட்டார். பாவம், அவரு தலைவரு. சொந்தப் பாசத்துக்காக ஒருத்தனை மட்டும் விட்டா நாளைக்கு அவர் பேச்சு எடுபடுமா? அந்தக் கஷ்டம் எனக்கும் புரிஞ்சது.

தனம் அவரைப் பாத்துக் கேட்டா. “அண்ணே, நீங்க ஸ்ட்ரைக் நடத்துன நாள்ல ஒருத்தரையும் கேட் உள்ள விட மாட்டீங்க. ஆனா இவருக்கு மட்டும் நீங்களே பாஸ் குடுத்து உள்ள அனுப்புவீங்களே, அது ஏன்?”

நெய்வேலியில பொறந்த சின்னப் புள்ளைக்குக் கூடத் தெரியும் இது. மைன்ஸுக்கு அடியில தண்ணி முட்டிகினே இருக்கும். ராப்பகலா பம்ப் ஓடி அதை இறைச்சிகினே இருக்கணும். ஸ்ட்ரைக்கோ, புயலோ, தீபாவளியோ, பம்ப் ஆளு மட்டும் உள்ள போயே ஆவணும்.

ராமலிங்கம் அண்ணன் யோசிக்காம பதில் சொன்னார். “பம்ப் நின்னா தண்ணி ஏறிடுமேம்மா. மைன்ஸே முழுகிப் போச்சுன்னா, அப்புறம் யாருக்காக ஸ்ட்ரைக்?”

“எங்க வூட்ல இப்ப தண்ணி ஏறிகினு இருக்குதுண்ணே”ன்னா தனம்.

அவ்வளவுதான் சொன்னா. நான் இத்தனை வருஷம் பேசி வித்த வீடு எத்தனையோ. அப்படி ஒரு பேச்சை நான் பேசினதும் இல்ல, கேட்டதும் இல்ல.

ராமலிங்கம் அண்ணன் எழுந்து நின்னார். கேட்ல பேசுற குரல் வந்துடுச்சு அவருக்கு. “மருமகன் கடன் பொறுக்கும். கல்யாணத்தை நாலு மாசம் தள்ளி வைக்கலாம். இது பொறுக்காது. இவனுக்கு நாம பாஸ் குடுக்கறோம். யாருக்காவது ஆட்சேபணை இருந்தா இப்பவே சொல்லுங்க.” காரணம் எல்லாருக்கும் இருக்குன்னு பேசினாரே, அவரே எழுந்து போய்க் கலியமூர்த்தி அண்ணனுக்கு சேரை இழுத்துப் போட்டார்.

நான் ஒண்ணே ஒண்ணு சேர்த்துக்கிட்டேன். “விலை என்னன்னு யாரும் என்னைக் கேக்காதீங்க. நானும் சொல்ல மாட்டேன், அவங்களும் சொல்ல மாட்டாங்க. உங்களை ஒரு ஆளு வந்து அந்த வீடு அவ்வளவுக்குத்தானே போச்சுன்னு மடக்க முடியாது.” அதுக்கு ராமலிங்கம் அண்ணன் என்னைப் பாத்து, “ஆளு லேசுப்பட்ட ஆளில்ல”ன்னார். அவர் வாயில இருந்து அது வந்தது எனக்குப் பட்டம் கட்டின மாதிரி. இன்னைக்கு வரைக்கும் அந்த விலை என் வாயில இருந்து வரல. இப்பவும் சொல்ல மாட்டேன், என் மூஞ்சியைப் பாக்காதீங்க.

போர்ட்டிகோவுல இருந்தே சாதிக்குக்குப் போன் போட்டுக் கூப்பிட்டேன். செருப்புக் கடையைத் தம்பிகிட்ட விட்டுட்டு ஓடி வந்தான். ராமலிங்கம் அண்ணன் அவனை ஏற இறங்கப் பாத்து, “தண்ணி மோட்டார் கொஞ்சம் மக்கர் பண்ணும். எங்கிட்ட வா, ஆள் சொல்றேன்”னார். அந்தத் தெருவுல அவனுக்கு அன்னைக்கே இடம் கிடைச்சாச்சு. நான் எதுக்குப் பிடிவாதம் புடிச்சேன்னு கலியமூர்த்தி அண்ணனுக்கும் அப்பதான் உறைச்சது. வெளிய வந்து, “விஜயா, கோச்சிக்காதே”ன்னார். “எனக்கு எங்கண்ணே நேரம்?”னேன்.

பத்திரப் பதிவு அன்னைக்கு சாட்சிக் கையெழுத்துப் போட ரெண்டு பேரு வேணும். ஒண்ணு நான் வழக்கமா கூட்டிப் போற ஆளு. இன்னொருத்தர் ராமலிங்கம் அண்ணன். வெள்ளைச் சட்டை போட்டுகினு, சொல்லாமலே வந்து நின்னார். விக்கக் கூடாதுன்னு தெருவையே நிறுத்தி வெச்ச மனுஷன், அந்த வீட்டை வித்ததுக்கு சாட்சி. நான் எத்தனையோ பத்திரம் பாத்தவ, அதைப் பாத்து என் நெஞ்சு நிமிர்ந்துடுச்சு.

இப்ப உங்க கணக்குக்கு வர்றேன். அந்த ஒத்துமை அதுக்கப்புறமும் கொஞ்ச நாள் நின்னுது, அப்புறம் ஒவ்வொருத்தரா கழண்டுகிட்டாங்க. ஆனா அந்தப் பக்கம் விலை ஏறாம இல்ல, ஏறிச்சு. பொறுத்து வித்தவங்களுக்கு நல்லாவே கிடைச்சது. அவங்கள்ல ஒருத்தர் என்னை பஸ் ஸ்டாண்டுல பாத்து, “என்ன விஜயா, கலியமூர்த்தியை அவசரப்படுத்தி வித்துட்டியே, பொறுத்திருந்தா எவ்வளவு வந்திருக்கும் பாத்தியா?”ன்னு கேட்டார்.

“ஆமாண்ணே, நிறைய வந்திருக்கும்”னேன். மழுப்பல. அது உண்மை. கோடு ஏறும்னு உங்க தம்பி சொன்னாலும் அது உண்மையாவே இருக்கலாம். ஆனா விலை எப்ப வேணா ஏறும், இறங்கும், மறுபடி ஏறும். ஜூன் மாசம் போனா அந்த இடம் மறுபடி வந்திருக்குமா? வீட்டுக்காரர் வந்து விக்கலாமா பொறுக்கலாமான்னு கேட்டா, மார்க்கெட்டைப் பாக்கறதுக்கு முன்னாடி, அவங்க வீட்ல எது பொறுக்கும், எது பொறுக்காதுன்னு கேளுங்க. வாசல்ல நின்னு கேக்காதீங்க. உள்ள போய், அந்த வீட்டுப் பொம்பளைகிட்ட உக்காந்து கேளுங்க.

ஒரு தடவை வேற வேலையா பாண்டிச்சேரி போனேன். சாயங்காலம் அவங்க வீட்டுக்கு எட்டிப் பாத்தேன். சின்ன வீடுதான், வாசல்ல ரெண்டு செம்பருத்திச் செடி. கலியமூர்த்தி அண்ணன் மின்விசிறிக்கு அடியில நாற்காலி போட்டு உக்காந்திருந்தார். தனம் காப்பி போட உள்ள போனா. “மணி எங்க?”ன்னேன். “வருவான். தனியாத்தான் போறான், தனியாத்தான் வர்றான். முதல்ல எல்லாம் இவரு பின்னாலயே போயி மறைஞ்சு நின்னு பாத்துகினு இருந்தாரு. இப்ப வுட்டுட்டாரு”ன்னு உள்ளருந்தே சொன்னா.

கேட் திறக்குற சத்தம் கேட்டது. ஒரு தடவை திறந்துது, ஒரு தடவை மூடிச்சு. மணி தோள்ல பை மாட்டிகினு உள்ள வந்தான். விரல் முழுக்கப் பசை காய்ஞ்சு ஒட்டிகினு இருந்தது. என்னைப் பாத்துத் தலையாட்டினான், நிக்கல. பெரிய வேலைக்காரன் மாதிரி நேரா அவங்கப்பா முன்னால போய் நின்னு, “நகருப்பா. டூட்டி முடிச்சிட்டு வர்றேன்”னான்.

கலியமூர்த்தி அண்ணன் சட்டுனு எழுந்து நாற்காலியை விட்டார்.